சான்றிதழ் சொல்லாத கணக்கு

விழுப்புரத்துக்கு வடமேற்கே, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுந்து நிற்கும் செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது. மராத்தியர் காலத்து இராணுவ அரண்கள் என்ற தொகுப்பில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றே. அந்தச் சிறப்பைச் செஞ்சி கொண்டாடிய அதே ஆண்டில், கோட்டையைச் சுற்றியுள்ள வேளாண் கிராமங்களின் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பணியாற்றுவோர் உட்பட, தமிழ்நாட்டு ஆசிரியர் பலரின் பணித் தகுதியையே கேள்விக்குள்ளாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றும் வந்தது. ஆசிரியருக்குத் தகுதித் தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் அதன்பின் சூடு பிடித்துள்ளதே தவிர, அந்தத் தேர்வு எந்தத் தகுதியை உண்மையில் சோதிக்கிறது, குறிப்பாகக் கணக்குப் போடவும் கற்பிக்கவும் தெரிந்தவர் இவர் என்று உறுதி சொல்கிறதா என்ற கேள்வி போதிய அளவு எழுப்பப்படவில்லை.

கேள்வி சிறியதன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே உரியவர்கள். அத்தகைய ஈராசிரியர் பள்ளியில் ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என எல்லாப் பாடங்களையும் நடத்துகிறார். நகரத்துப் பெரிய பள்ளியில் ஓர் ஆண்டு கணக்கு ஆசிரியர் சரியாக அமையாவிட்டால் அடுத்த ஆண்டு வேறொருவர் வந்து குறையை நிரப்பக்கூடும், டியூஷனும் கைகொடுக்கும். சிற்றூர்ப் பள்ளியிலோ, அந்த ஒருவருக்குக் கணக்கு பிடிபடவில்லை என்றால், குழந்தையின் தொடக்கக் கல்விக் காலம் முழுவதும் கணக்கு பிடிபடாமலே கழிந்துவிடுகிறது.

தகுதித் தேர்வின் அமைப்பை முதலில் தெளிவாகப் பார்ப்பது நல்லது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ஆசிரியர்களுக்கான குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் பொறுப்பை மைய அரசு அறிவிக்கும் ஓர் அமைப்புக்கு அளிக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அது 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையின் வழியாக, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோர் பயிற்சிப் பட்டயமோ பட்டமோ பெற்றிருப்பதோடு ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும் என்ற விதி பிறந்தது. தமிழ்நாட்டில் அத்தேர்வை நடத்தும் பொறுப்பு ஆசிரியர் தேர்வு வாரியத்திடம் உள்ளது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குரிய முதல் தாளில் 150 வினாக்கள், 150 மதிப்பெண்கள். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும், தமிழ் முதலான முதல் மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகளுக்கும் தலா 30. தேர்ச்சி எல்லை முதலில் 60 விழுக்காடாக, அதாவது 90 மதிப்பெண்ணாக இருந்தது. 2014 பிப்ரவரியில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்த்தப்பட்டு 82 மதிப்பெண் ஆயிற்று.

இந்த எல்லை முழுவதும் மொத்த மதிப்பெண்ணுக்கு உரியது. பகுதிவாரியாக எந்தக் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் கிடையாது. விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தால், கணிதப் பகுதியின் 30 வினாக்களையும் தொடாமல் விட்டவர், மற்ற நான்கு பகுதிகளின் 120 மதிப்பெண்ணில் 90 பெற்றால் தகுதி பெற்றுவிடுவார். வினாக்கள் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வகையைச் சேர்ந்தவை என்பதாலும், தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதாலும், யாரும் தொடாமல் விடப்போவதில்லை. ஒன்றும் தெரியாமல் வட்டங்களை நிரப்பினாலும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பின்படி சராசரியாக ஏழெட்டு மதிப்பெண் விழும். அப்படியானால் மற்ற பகுதிகளில் ஏறத்தாழ 69 விழுக்காடு எடுத்தாலே 90-ஐ எட்டலாம். எல்லை 82 என்றால் 62 விழுக்காடு போதும். இப்படித்தான் பெரும்பாலோர் தேறுகிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கணக்கில் வல்லவர் பலரும் இத்தேர்வில் தேறியிருக்கிறார்கள். ஆனால் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, இவருக்குக் கணக்குத் தெரியும் என்று ஒரு பெற்றோரிடம் அரசு உறுதி கூற முடியாது என்பது மறுக்க இயலாத உண்மை.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குரிய இரண்டாம் தாளில் நிலைமை இன்னும் குழப்பமானது. அங்கே கணிதமும் அறிவியலும் 60 மதிப்பெண்கொண்ட ஒரே பகுதியாகக் கட்டப்பட்டுள்ளன. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையும் இவ்வகுப்புகளுக்கு அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்தே ஓர் ஆசிரியரைக் கேட்கிறது. விலங்கியலோ தாவரவியலோ படித்தவர் ஆறாம் வகுப்புக்கு இயற்கணிதத்தை, அதாவது எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்துக் கணக்கிடும் முறையை, முதன்முதலாக அறிமுகப்படுத்த நேரும் சூழலுக்கு இந்த இணைப்பு வழிவிடுகிறது.

தேர்வு சல்லடையாக இல்லாவிட்டாலும், அதற்கு முந்தைய கல்வி அந்தக் குறையை ஈடுசெய்திருக்கலாம். அப்படியும் இல்லை. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் கணிதம் கட்டாயப் பாடமன்று. வரலாறு, பொருளியல், வணிகவியல் கொண்ட பிரிவில் சேர்ந்தவர் பத்தாம் வகுப்போடு கணக்குக்கு விடை கொடுத்துவிடலாம், பத்தாம் வகுப்பில் கணிதத்துக்குத் தேர்ச்சி மதிப்பெண் 35. மேல்நிலைத் தேர்வில் தேவையான மொத்த விழுக்காடு இருந்தால், அவர் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்து இடைநிலை ஆசிரியர் ஆகலாம். பட்டயப் படிப்பில் கணிதம் கற்பித்தல் குறித்த தாள் உண்டு என்றாலும், அது எப்படிக் கற்பிப்பது என்பதையே முதன்மையாகப் பேசுகிறது. கற்பிக்க வேண்டிய பொருள் ஏற்கெனவே தெரியும் என்று அது எடுத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்பில் 35 மதிப்பெண்ணோடு நின்றுபோன கணக்கறிவை யாரும் மீண்டும் தொட்டுச் செப்பனிடாமலே, அது அடுத்த தலைமுறையின் கணக்கறிவுக்கு அடித்தளமாகிவிடுகிறது. இதில் அந்த ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் அரசு திறந்துவைத்த வாசல் வழியாகவே வந்தவர்.

36 விநாடித் தேர்வு

தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடந்தது. ஏறத்தாழ 6.7 லட்சம் பேர் எழுதிய அத்தேர்வில் 2,448 பேரே தேறினர்; விழுக்காட்டில் சொன்னால் அரைக்கும் குறைவு. ஆசிரியர்களின் தரம் இவ்வளவுதானா என்று நாடே கேட்டது. ஆனால் அந்தத் தேர்வுக்குத் தரப்பட்ட நேரம் ஒன்றரை மணி; 150 வினாக்களுக்குப் பகிர்ந்தால் ஒரு வினாவுக்கு 36 விநாடி. பொருத்தமான சொல்லைத் தெரிவு செய்ய 36 விநாடி போதலாம். மீச்சிறு பொது மடங்கைக் கண்டு இரண்டு பின்னங்களைக் கூட்டி விடையைச் சரிபார்க்க அது போதாது. இத்தகைய தேர்வில் கணக்குப் பகுதியை ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் மதிப்பெண் சேர்ப்பதே புத்திசாலித்தனம் என்று பயிற்சி மையங்கள் சொல்லிக்கொடுத்திருந்தால் வியப்பில்லை. எதிர்ப்புக்குப் பின், அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் தந்து மறுதேர்வு நடத்தப்பட்டது. தேர்ச்சி ஏறத்தாழ 3 விழுக்காடாக உயர்ந்தது. நேரம் இரட்டிப்பாக்கப்பட்டதும் தேர்ச்சி பல மடங்கு கூடியது என்றால், முதல் தேர்வு அறிவை அளந்ததா, வேகத்தை அளந்ததா என்ற ஐயம் நியாயமானது. அதன்பின் வந்த தேர்வுகள் மூன்று மணி நேரத்தையே பின்பற்றுகின்றன.

ஒரு பாடத்துக்குத் தனி எல்லை வைப்பது தமிழ்நாட்டு அரசுக்குப் புதிய கருத்தும் அன்று. 2021 டிசம்பர் அரசாணையின் விளைவாக, மாநில அரசுப் பணித் தேர்வுகளில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலையில் நடந்த இடைநிலை ஆசிரியர் நியமனத் தேர்விலும் அது இருந்தது. அதில் 40 விழுக்காடு, அதாவது 50-க்கு 20 மதிப்பெண் எடுக்காதவரின் முதன்மைத் தாள் மதிப்பிடப்படுவதே இல்லை. தமிழ் தெரியாதவர் தமிழ்நாட்டுப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்ற அந்த முடிவு முற்றிலும் சரியானது. அதே தேர்வில் கணக்குக்கு அத்தகைய எல்லை இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் சொல்லித்தர வேண்டியவருக்கு வகுத்தல் தெரிந்திருக்க வேண்டும் என்பது, அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதைவிட எந்த வகையில் குறைந்த தேவை?

எந்தக் கணக்கறிவு?

தனி எல்லை வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவதும் பிழை. விடை காணும் அறிவு வேறு, கற்பிப்பதற்கு வேண்டிய அறிவு வேறு என்பதை அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் வகைப்படுத்திக் காட்டினார். பாடப்பொருளை அறிந்திருப்பதோடு, அது கற்பவரின் மனத்தில் எங்கே சிக்கும், எந்த எடுத்துக்காட்டால் விடுபடும் என்பதையும் அறிந்திருப்பதை அவர் தனியொரு அறிவாகக் கருதினார். தமிழில் அதைக் கற்பித்தல்சார் பாட அறிவு எனலாம். 53-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு குழந்தை 34 என்று எழுதுகிறது. தவறு என்று கோடு போடுவதற்கு விடை தெரிந்தால் போதும். ஆனால் அந்தக் குழந்தை கவனக்குறைவால் பிழை செய்யவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதியைத் தானாகவே உருவாக்கி, 7-இலிருந்து 3-ஐயும் 5-இலிருந்து 2-ஐயும் ஒழுங்காகக் கழித்திருக்கிறது. அதைக் கண்டுகொள்ளும் ஆசிரியரே, ஐந்து பத்துகளில் ஒன்றை உடைத்துப் பத்து ஒன்றுகளாக்கிக் காட்டி, கடன் வாங்கிக் கழித்தல் என்று வாய்ப்பாடாகச் சொல்லப்படும் செயலின் காரணத்தை விளங்கவைக்க முடியும்.

லிப்பிங் மா என்னும் ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட நூலில் அமெரிக்க, சீனத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரே கணக்கைக் கொடுத்துப் பார்த்ததைப் பதிவு செய்தார். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும். பிறகு அதற்குப் பொருத்தமான ஒரு வாழ்க்கைச் சூழலைச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானோரே சரியான விடை கண்டனர். சூழலைச் சரியாக அமைத்தவர் ஒருவரே. சீனத்தின் 72 ஆசிரியர்களும் விடை கண்டனர், அவர்களில் 65 பேர் சூழலையும் அமைத்தனர். இதில் கவனிக்க வேண்டிய செய்தி, அமெரிக்க ஆசிரியர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள், சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பது ஆண்டுப் பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சி மட்டும் பெற்றவர்கள் என்பதாகும். கற்ற சிறு பரப்பை ஆழமாகக் கற்றதும், பணியில் சேர்ந்த பின் சக ஆசிரியர்களோடு பாடநூலைத் தொடர்ந்து ஆராய்ந்ததும் அவர்களை அந்நிலைக்கு உயர்த்தின. பட்டம் கூடினால் கணக்கு கூடும் என்ற நம்பிக்கை நம் நாட்டிலும் வலுவாக இருப்பதால், இந்தச் செய்தியை நம் கல்வித் துறை அழுத்தமாக மனத்தில் கொள்ள வேண்டும்.

செஞ்சி வட்டாரத்தில் இதற்கு வேண்டிய சூழல்கள் தேடிப் போக வேண்டியவை அல்ல. ஒன்றே முக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் மூன்றரை முறை வரும். வகுத்தால் எண் ஏன் பெரிதாகிறது என்று திகைக்கும் குழந்தைக்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது. நெல் வரத்துக்குப் பெயர்பெற்ற செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் 75 கிலோ மூட்டைக் கணக்கில் விலை பேசப்படுகிறது. அரசு அறிவிக்கும் ஆதரவு விலையோ குவிண்டாலுக்கு உரியது. நான்கு மூட்டை மூன்று குவிண்டால் ஆகும் என்பதை அறிந்த குழந்தை, குவிண்டால் 2,400 ரூபாய் என்றால் மூட்டை 1,800 ரூபாய் என்று சொல்லிவிடும். அதுவே விகிதம் என்னும் பாடம். தன் வீட்டு விளைச்சலுக்குக் கிடைத்த விலை சரிதானா என்று ஓர் உழவரின் மகள் தானே சரிபார்க்க முடிவது, தேர்வு மதிப்பெண்ணைவிடப் பெரிய பயன்.

இந்த வட்டாரத்துக்குக் கணக்குக் கல்வி அரசோடு வந்ததும் அன்று. செஞ்சி அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1822-இல் தாமஸ் மன்றோ ஆணையிட்டுத் தொகுத்த மாகாணக் கல்விக் கணக்கெடுப்புக் காலத்தில் திண்ணைப் பள்ளிகள் நடந்துவந்தன. எண்சுவடியை மனனம் செய்த சிறுவர்கள் முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கு, காணி என்னும் 80-இல் ஒரு பங்கு, மா என்னும் 20-இல் ஒரு பங்கு, வீசம் என்னும் 16-இல் ஒரு பங்கு ஆகியவற்றைக் கூட்டவும் பெருக்கவும் பழகினர். அந்தக் கல்வி நினைவாற்றலை மிகையாகச் சார்ந்திருந்தது. பெண்களையும் ஒடுக்கப்பட்ட சாதியினரையும் பெரும்பாலும் வெளியே நிறுத்தியது. ஆகவே அதைப் பொற்காலமாகக் காட்டுவது நேர்மையன்று. ஆனால் அக்காலத்துத் திண்ணை ஆசிரியருக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. பிள்ளை நிலத்தையும் தானியத்தையும் அளந்து கணக்குச் சொன்னதைக் கண்டு ஊரே அவரை மதிப்பிட்டது. 1856-இல் சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியதும், பின்னர் அது சைதாப்பேட்டைக் கல்லூரியாக வளர்ந்ததும், ஆசிரியரை மதிப்பிடும் அதிகாரம் ஊரிடமிருந்து அரசுத் தாளுக்கு மாறிய வரலாற்றின் தொடக்கம். அதிகாரத்தை ஏற்ற அரசு, தன் தாள் சொல்வது உண்மையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமையையும் ஏற்றுக்கொண்டது.

பிற நாடுகளும் இதே சிக்கலைச் சந்தித்துள்ளன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான உரிமத் தேர்வில் கணிதம் மற்ற பாடங்களோடு கலந்திருந்ததால், கணிதத்தில் தோற்றவரும் மொத்தத்தில் தேற முடிந்தது. அந்த ஓட்டையை அடைக்க 2009-இல் கணிதத்துக்குத் தனித் தாள் கொண்டுவரப்பட்டபோது, முதல் முறை எழுதியவர்களில் 27 விழுக்காட்டினரே தேறினர். மாநிலம் பின்வாங்கவில்லை, சிறிது காலத்துக்கு இடைக்காலச் சலுகை தந்து, பயிற்சிக் கல்லூரிகள் தங்கள் கணிதப் பாடத்தைத் திருத்திக்கொள்ள வழிசெய்தது. ஈழத்தமிழர் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் புதிய ஆசிரியர்களுக்குக் கணிதத் திறன் தேர்வைக் கட்டாயமாக்கி, பாடப்பொருளிலும் கற்பித்தல் முறையிலும் தனித்தனியே 70 விழுக்காடு கேட்டது. வெள்ளையரல்லாத இனங்களைச் சேர்ந்தவர்களை அது கூடுதலாகப் பாதிக்கிறது என்று 2021 டிசம்பரில் நீதிமன்றம் தேர்வை நீக்கியது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்ற, 2025 பிப்ரவரியில் தேர்வு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் நடத்திய எண் திறன் தேர்வை 2020-இல் கைவிட்டு, அந்தப் பொறுப்பைப் பயிற்சி நிறுவனங்களிடம் ஒப்படைத்தது.

ஒன்ராறியோவில் எழுந்த சமநீதிக் கேள்வி தமிழ்நாட்டுக்கும் உரியது. கிராமத்து அரசுப் பள்ளியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக ஆசிரியர் பணிக்கு வருபவரை ஒரு கணக்குத் தாள் வெளியே நிறுத்திவிட்டால், அவருக்குச் சரியாகக் கணக்குக் கற்பிக்கத் தவறிய அமைப்பே அவரைத் தண்டிப்பதாகிவிடும். எல்லை வைப்பதற்கு முன் அந்த எல்லையை எட்டுவதற்கான படிக்கட்டை அரசு கட்டித்தர வேண்டும் என்பது இதனால்தான். படிக்கட்டு கட்டாமல் எல்லையையே கைவிடுவதும் நீதியாகாது. அதே கிராமத்துக் குழந்தைகளே அதன் விலையைக் கொடுப்பார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு டியூஷன் என்ற மாற்று வழியும் இல்லை.

2025 செப்டம்பர் 1 அன்று அஞ்சுமன் இஷாஅத்-ஏ-தாலீம் அறக்கட்டளை வழக்கில் நீதிபதிகள் தீபங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி அமர்வு அளித்த, தொடக்கத்தில் குறிப்பிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பணியில் இருப்போரில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் தேறாமலே ஓய்வு வரை பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. தமிழ்நாடு அரசு இத்தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரியது. வேலைவாய்ப்பகப் பதிவு மூப்பின்படி அன்றைய விதிகளுக்கு உட்பட்டு நியமிக்கப்பட்டு, 20 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவரை ஒரு தேர்வைக் காட்டி வெளியேற்றுவது அநீதி என்ற ஆசிரியர் சங்கங்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. கணிதத்துக்குத் தனி எல்லையே இல்லாத இந்தத் தேர்வில் அவர் தேறினாலும் அவருடைய கணக்கு வகுப்பு மேம்படும் என்பதற்கு உறுதி இல்லை என்பதால், அந்த வாதம் மேலும் வலுப்பெறுகிறது.

செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. புதிதாகச் சான்று பெறுவோருக்கு, தமிழ்த் தாளுக்கு உள்ள அதே 40 விழுக்காட்டைக் கணிதப் பகுதிக்கும் வைக்கலாம். 30-க்கு 12 என்பது எவராலும் எட்ட முடியாத உயரம் அன்று. இரண்டாம் தாளில் கணிதத்தை அறிவியலிலிருந்து பிரிக்க வேண்டும். மேல்நிலையில் கணிதம் படிக்காமல் பட்டயப் படிப்புக்கு வருவோருக்கு முதலாண்டிலேயே பள்ளிக் கணக்கை அடியிலிருந்து, காரணங்களோடு மீண்டும் கற்பிக்கும் பாடம் வேண்டும். வினாத்தாளில் விடையைக் கேட்கும் வினாக்களுக்கு இணையாக, குழந்தையின் பிழையைக் காட்டி அதன் காரணத்தைக் கேட்கும் வினாக்களும் இடம்பெற வேண்டும். கணிதக் கருத்துகளோடு கற்பித்தல் புரிதலும் சோதிக்கப்பட வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2011 வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. பணியில் உள்ளவர்களுக்கு வட்டார வள மையங்களிலும் குறுவள மையக் கூட்டங்களிலும் சுற்றறிக்கை வாசிப்பைக் குறைத்து, கணக்கையே சேர்ந்து போட்டுப் பார்க்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

கொரோனா தொற்றுக் காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய எழுந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது இதே விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் அருகே, முதலியார்குப்பத்தில். எட்டு வயதுக்குள் எழுத்தும் எண்ணும் எல்லாக் குழந்தைக்கும் கைவர வேண்டும் என்னும் நோக்கில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தது. இரண்டிலும் குழந்தைக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை அரசு வரையறுத்துக்கொண்டது. குழந்தைக்கு வைத்த அந்த எல்லையை, அதைக் கற்பிக்கும் ஆசிரியரின் சான்றிதழுக்கும் வைக்கும் அரசாணையை, அடுத்த தகுதித் தேர்வு அறிவிக்கைக்கு முன் தமிழ்நாடு அரசு வெளியிட வேண்டும்.